அரைப்படி எவ்வளவு?

(ஜெகதாப்பட்டினத்தில் மாலைநேரப் படிப்புக்காகக் கூடிய பெற்றோரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டிலே பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர என்ன சாமான் வாங்கணும்னு கேட்டீங்க. கடையிலே கலர் கட்டையும் மணிச்சட்டமும் விக்கிறாங்க. அது இல்லாட்டி நம்ம பிள்ளை பின்தங்கிடுமோன்னு உங்களுக்குப் பயம்.

ஒரு வரலாறு சொல்கிறேன். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலி நாட்டு டாக்டரம்மா 1907இல் ரோம் நகரத்தின் சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில்தான் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள் கையில் அவருடைய சாமான்கள் புழங்கின. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்றைக்கு அந்தப் பெயர் பெரிய கட்டணப் பள்ளிகளின் விளம்பரப் பலகையில் தொங்குகிறது. நம்ம பிள்ளைக்கு உரியதை நாம எடுத்துக்கொள்வோம்.

சாமானுக்கு விலை முக்கியமில்லை. பிள்ளை அதைப் பிரிக்கணும், சேர்க்கணும், தன் விடை சரியான்னு தானே பார்த்துக்கணும்.

தென்னை ஈர்க்கை ஒரே அளவா நறுக்குங்க. பத்துப் பத்தாகக் கட்டுங்க. நாற்று முடி கட்டின கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 32லே 15 போகணும். மூணு கட்டு, ரெண்டு ஈர்க்கு இருக்கு. ரெண்டிலே அஞ்சு போகாது. ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு. அதிலே அஞ்சை எடுத்தா ஏழு. மீதிக் கட்டு ரெண்டிலே ஒண்ணை எடுத்தா ஒண்ணு. விடை 17. ‘கடன் வாங்கு’ன்னு மனப்பாடமாச் சொன்னது என்னன்னு பிள்ளைக்கு அப்போ புரியும். ஒட்டிவைத்த பிளாஸ்டிக் கட்டையை இப்படி அவிழ்க்க முடியாது.

எண்ணுறதுக்குப் புளியங்கொட்டை, சிப்பி போதும். வாயிலே போடுற வயசுக் குழந்தை பக்கத்திலே மட்டும் கொட்டையை வைக்காதீங்க. கை பழகினதும் படம் போடச் சொல்லுங்க. அப்புறம் எண்ணை எழுதச் சொல்லுங்க. கடைசிவரைக்கும் கொட்டையையே எண்ணிக்கிட்டிருக்கக் கூடாது.

பின்னத்துக்குப் பழைய படி, உழக்கு, ஆழாக்கைத் தேடி எடுங்க. எட்டு நாலைவிடப் பெரிசு, அதனால 1/8தான் 1/4ஐவிடப் பெரிசுன்னு பல பிள்ளைகள் நினைக்கும். திட்டாதீங்க. மணலை அள்ளி ஊற்றச் சொல்லுங்க. உழக்கு நிறைய ரெண்டு ஆழாக்கு, படி நிறைய நாலு உழக்கு. பிள்ளையே திருத்திக்கும்.

இந்தப் படியை நான் சும்மா சொல்லவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே எண்சுவடி ஓதினபோது நம்ம பிள்ளைகளை வெளியே நிறுத்தினாங்க. களத்திலே கூலி அளந்த மரக்கால் ஆண்டை கையிலே இருந்தது. முத்திரை போட்ட மரக்காலில் அளந்து கொடு என்பதையே கீழத்தஞ்சையில் 1940களில் சங்கம் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கூலி கேட்ட வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்தார்கள். அரைப்படி நம்ம சனத்துக்கு வெறும் பின்னமா?

வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவன் நான். வாங்கின பணத்தை எண்ணாமலே மடியில் முடிஞ்சுக்கிட்டுப் போகிற நம்ம பெண்களைத் தினமும் பார்க்கிறேன். தப்பா எண்ணினா பின்னாடி நிற்கிறவன் சிரிப்பானேங்கிற கூச்சம். உங்க பிள்ளைக்கு அந்தக் கூச்சம் வேண்டாம்.

இன்று ராத்திரியே ஈர்க்கை நறுக்குங்க. பிள்ளையை எண்ணச் சொல்லிவிட்டு நீங்களும் பக்கத்திலே உட்கார்ந்து எண்ணுங்க. நாளைக்கு ஏலத்திலும் கூலியிலும் கவுன்டரிலும் யார் கணக்குச் சொன்னாலும், ‘இருங்க, நானும் எண்ணிக்கிறேன்’னு நம்ம பிள்ளை சொல்லணும்.