எளிய சொல்லுக்கே பெரிய உழைப்பு: ‘ரன்’ என்னும் ஆங்கில வினையை முன்வைத்து



ஆங்கிலம்-தமிழ் அகராதியாக்கம் குறித்த இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க என்னை அழைத்தீர்கள், நன்றி. துறையின் வரலாறு முழுவதையும் ஒரு வலம் வருவது தலைமை உரையின் வழக்கம். நான் ஒரே ஒரு சொல்லோடு நின்றுகொள்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்தான்: ‘ரன்’.

ஜேம்ஸ் மர்ரே 1879-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியரானார். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் தன்னார்வ வாசகர்கள் எழுதி அனுப்பியிருந்த மேற்கோள் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். ‘அபியூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஏறத்தாழ 50 சீட்டுகள் இருந்தன. எல்லாரும் புழங்கும் ‘அபியூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. அரிய சொல்லைக் கண்டதும் வாசகரின் கை சீட்டெடுக்கிறது; பழகிய சொல்லைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. சாதாரணச் சொற்களுக்கும் இயன்ற அளவு மேற்கோள் அனுப்புங்கள் என்று மர்ரே வாசகர்களைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் அன்று கண்ட குறை நம்மிடம் இன்றும் இருக்கிறது என்பதே என் வாதம்.

அந்த அகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற வினைக்கு உரியது. பிறகு நடந்த திருத்தத்தில் ‘ரன்’ அதை முந்தியது. பீட்டர் கிலிவர் என்ற ஆசிரியர் அந்த ஒரு வினைக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்பது மாதம் உழைத்தார். 2011-இல் அவர் முடித்தபோது அதற்கு 645 பொருள்கள் தேறின. இந்த வளர்ச்சிக்கு முதன்மைக் காரணம் இயந்திரம் என்றே நான் கருதுகிறேன். கால் ஓடியது, ஆறு ஓடியது, கப்பல் ஓடியது என்ற அளவில் இருந்த சொல்லுக்கு ரயிலும் நீராவி இயந்திரமும் தொழிற்சாலையும் வந்தபின் புதுப்புது வேலைகள் சேர்ந்தன. கடைசியாகக் கணினி வந்தது. நம் பிள்ளைகள் “கோட் ரன் ஆகுது” என்று சொல்லும்போது அந்தச் சொல்லின் மிக இளைய கிளையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய வண்டி விற்பவர் “நல்ல ரன்னிங் கண்டிஷன்” என்கிறாரே, அது இயந்திரக் காலத்துக் கிளை.

கிரிக்கெட்டைப் பாருங்கள். மட்டையாளர்கள் இருவர் இடம் மாறி ஓடியதால்தான் அதற்கு ‘ரன்’ என்று பெயர். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓட வேண்டியதில்லை; ஆனாலும் நான்கு ‘ரன்’ உண்டு. ஓட்டம் போய்விட்டது, எண்ணிக்கை நின்றுவிட்டது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருள் எப்படிக் கழன்று வருகிறது என்று மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வங்கியிலும் ‘ரன்’ உண்டு. பணம் போய்விடுமோ என்ற அச்சத்தில் வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் திரண்டு வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்பதற்கு அந்தப் பெயர். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு முன் நீண்ட வரிசைகள் நின்றன. அந்த வரிசையில் யாரும் ஓடவில்லை. ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு என்ன புரியும்?

இங்கேதான் நம் வேலை தொடங்குகிறது. ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவது எளிது. பல இடங்களில் அது பொருந்தியும் போகும்: நமக்கும் பஸ் ஓடுகிறது, படம் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது. ஆனால் நமக்கு மூக்கு ஒழுகுகிறது. சட்டை சாயம் போகிறது. காய்ச்சல் அடிக்கிறது. கடையை ஒருவர் நடத்துகிறார். வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோகிறது. ஆங்கிலத்தில் இந்த ஐந்திலும் ‘ரன்’ வரலாம். தமிழில் ஒன்றில்கூட ‘ஓடு’ வராது. தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டானியர் நிற்கிறார், நம்மவரும் நிற்கிறார். மறுபுறம், அதிர்ச்சியில் நமக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதை ஆங்கிலத்தில் சொல்ல ‘ரன்’ உதவாது.

எந்தப் பெயர்ச்சொல் பக்கத்தில் வருகிறதோ அதுவே பொருளை முடிவு செய்கிறது. மூக்கா, சாயமா, கடையா, வேட்பாளரா என்று தெரியாமல் தமிழ் வினையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. ஆகவே பொருள்களை 1, 2, 3 என்று எண்ணிட்டு அடுக்கினால் போதாது. ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியம் வீட்டிலும் கடையிலும் பணிமனையிலும் உண்மையில் பேசப்பட்டதாக இருக்க வேண்டும். தமிழுக்குள் இதைச் செய்ய முடியும் என்று 1992-இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ காட்டியது. பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் தந்து, இன்றைய எழுத்துவழக்கை ஆதாரமாகக் கொண்டு அது எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக அ. சிதம்பரநாதன் செட்டியார் 1960-களில் பதிப்பித்த ஆங்கிலம்-தமிழ் அகராதிக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். அரை நூற்றாண்டுக்கு மேல் புதிதாய் வந்து சேர்ந்த வழக்குகளை அதன் மேல் ஏற்றும் பொறுப்பு நம்முடையது.

கலைச்சொல்லாக்கத்தில் நாம் காட்டிய ஊக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு மாணவி ஆங்கிலப் பக்கம் ஒன்றைப் படிக்கும்போது அவளைத் தடுக்கி விழச் செய்வது பெரும்பாலும் நீளமான அறிவியல் சொல் அன்று. அதை அவள் அகராதியில் தேடி ஒரே வரியில் விடை கண்டுவிடுவாள். ‘ரன்’, ‘செட்’, ‘புட்’, ‘டேக்’ என்ற சிறு வினைகள்தான் அவளைத் திணறடிக்கின்றன. தெரிந்த சொல்தானே என்று அவளும் தேடமாட்டாள். தேடினாலும் நம் அகராதி அவளுக்குக் கைகொடுப்பது அரிது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆகவே இந்த அவையிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். நாளை மாலை நிறைவு அமர்வுக்குள் மிகுதியாகப் புழங்கும் ஐம்பது ஆங்கில வினைகளைத் தேர்ந்தெடுப்போம். வினைக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். மொழியியலாளரோடு ஒரு பள்ளி ஆசிரியரும், செய்தி மொழிபெயர்க்கும் ஒருவரும் ஒவ்வொரு வினைக்கும் துணை நிற்கட்டும். ஒரே வினைக்கு ஓர் ஆண்டு ஆனாலும் அவசரப்படுத்த வேண்டாம். ‘ரன்’ என்ற வினையை நானே எடுத்துக்கொள்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.