மனசு விட்டுப் பேசினேன்

நான் அரியமங்கலம் குழு உறுப்பினர்.

அம்மா இறந்த பிறகு எனக்கு மூணு மாசம் தூக்கமே இல்லை. குழுக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஊர் என்ன பேசுமோன்னு பயந்துகிட்டேதான் மனநல ஆலோசகரிடம் போனேன்.

அவர் முதலில் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொன்னார். படபடப்பு குறைந்ததும் பேச்சு வந்தது. அம்மாவின் கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை என்பதை அங்கேதான் முதல் தடவையாகச் சொல்லி அழுதேன். அவர் புத்திமதி சொல்லவில்லை, பொறுமையாகக் கேட்டார்.

ஒரே நாளில் சரியாகவில்லை; எட்டு வாரம் ஆச்சு. யோகா செய்கிறோம் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

நேரில் போக முடியாதவர்கள் 14416-க்குப் போன் பண்ணுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடன் கேட்கக் கூச்சப்படாத நாம், இதற்கும் கூச்சப்பட வேண்டாம்.