இசை கேட்கும் அறைக்கு ஏற்ற விரியலாக்கி

வீட்டில் அமைதியாக அமர்ந்து இசை கேட்க விரும்பும் ஒருவர், தம் வருவாய்க்கு மேற்படாத விலையில் ஒரு ஸ்டீரியோ விரியலாக்கியை எவ்வாறு தெரிந்தெடுக்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பாடநூல்கள் விரியலாக்கி என்று கூறுவதையே கடைத்தெருவில் 'அம்பிளிபயர்' என்கிறோம். இசைத்தட்டிலிருந்தோ, வானொலிப் பெட்டியிலிருந்தோ, கைத்தொலைபேசியிலிருந்தோ வரும் மிகச் சிறிய மின்சைகையை, ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கவல்ல வலுவுடையதாக ஆக்கித் தருவது அது. ஒலிபெருக்கி என்று நான் இங்கே சொல்வது ஓசை வெளிவருகின்ற மரப்பெட்டியை. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை முதலிலேயே நினைவிற் கொள்ளுதல் நன்று.

பொருளுக்குட் புகுமுன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நன்கு தெரிந்த ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், நாதஸ்வர இசையில் தணியாத ஈடுபாடு கொண்டவர். இளமை முதல் அவர் தேடிச் சேர்த்த இசைத்தட்டுக்கள் ஓர் அலுமாரி நிறைய உண்டு. பழைய விரியலாக்கி பழுதுபட்டு, உதிரிப்பாகமும் கிடையாமற் போகவே, ஓய்வூதிய நிலுவையாகக் கிடைத்த பணத்திற் புதிதொன்று வாங்கினார். கைக்கடக்கமான பெட்டி, முகப்பில் நீல விளக்கு, உறையில் '500 வாற்று' என்று கொட்டை எழுத்து. "மாஸ்ரர், இது ஒரு கலியாண வீட்டுக்கே போதும்" என்றாராம் கடைக்காரர்.

சில மாதங்களின் பின் நான் அவரிடம் சென்றபோது அலுமாரி பூட்டிக் கிடந்தது. "இனி என்ன, தம்பி? செவி மங்கிவிட்டது. எல்லாம் போர்வைக்குள் இருந்து கேட்பது போல இருக்கிறது" என்றார். முதுமை வந்துவிட்டது என்று எண்ணி, இசை கேட்பதையே கைவிட்டிருந்தார். நான் வற்புறுத்தி ஒரு தட்டைப் போடச் செய்தேன். விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய பேர்த்தி, எட்டு வயதுச் சிறுமி, சற்று நேரம் கேட்டுவிட்டு, "அப்பப்பா, தாளம் எங்கே?" என்றாள்.

தவில் கேட்டது. நாதஸ்வரம் மங்கலாகக் கேட்டது. தாளத்தின் கிண்ணென்ற ஓசை மட்டும் அறவே இல்லை. கெட்டுப்போனது அவர் செவியன்று. ஒலிபெருக்கிகளின் மேற்பாகத்தில் இருந்து உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் சிறு கூம்புகள் இரண்டும் எரிந்து போயிருந்தன. எரித்தது எது என்பதைச் சொல்வதற்கு முன், வாற்று என்னும் இந்த அளவு நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

ஒலிபெருக்கியின் விளக்கத்தாளில், '87 தெசிபெல், 1 வாற்று, 1 மீற்றர்' என்பது போன்ற ஒரு குறிப்பு இருக்கும். ஒரு வாற்று வலுவை ஊட்டினால், ஒரு மீற்றர் தூரத்தில் 87 தெசிபெல் ஓசை எழும் என்பது அதன் பொருள். இருவர் இயல்பாக உரையாடும் ஓசை ஏறக்குறைய 60 தெசிபெல். வீட்டில் இன்பமாகக் கேட்பதற்குச் சராசரியாக 75 தெசிபெல் தாராளமாகப் போதும். நாம் பத்தடி தள்ளி அமர்வதால் ஓசை சிறிது குறையும். பெட்டிகள் இரண்டாகையால் சிறிது கூடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்தச் சராசரி ஓசைக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் கால் வாற்றே போதுமானது. ஆம், நேயர்களே, கால் வாற்று!

அப்படியாயின் எஞ்சிய வலு எதற்கு? இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. தனியாவர்த்தனத்தின் முடிவில் தவில் திடீரென முழங்கும்போது, ஓசை சராசரியிலிருந்து 20 தெசிபெல் வரையும் எழலாம். 20 தெசிபெல் என்பது வலுவில் 100 மடங்கு. கால் வாற்றின் 100 மடங்கு 25 வாற்று. ஆகவே பன்னிரண்டடிக்குப் பதினான்கடி அளவுள்ள அறைக்கு, பக்கத்துக்கு 20 முதல் 40 வாற்று வரை உண்மையாகவே தரவல்ல விரியலாக்கி போதும். அதற்கு மேல் வலுவை இருமடங்காக்கினால் ஓசை 3 தெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு ஓசை இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் வலு ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். 40 வாற்றுக்கும் 60 வாற்றுக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பணத்தைக் கொட்டுவது வீண். அதே பணத்தைக்கொண்டு 84 தெசிபெல் ஒலிபெருக்கிக்குப் பதிலாக 90 தெசிபெல் ஒலிபெருக்கி வாங்கினால், விரியலாக்கியின் வலுவை நான்கு மடங்காக்கிய பயன் கிடைத்துவிடுகிறது.

இனி, அந்தப் பெட்டியின் கதைக்கு வருவோம். அதன் மின்வழங்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். '12 வோல்ற்று, 3 அம்பியர்' என்று சிறிய எழுத்தில் இருந்தது. வோல்ற்றை அம்பியராற் பெருக்கினால் வாற்று. பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு. 36 வாற்றை உண்ணும் பெட்டி 500 வாற்றை உமிழ்வது எங்ஙனம்? உண்மையில் அது, 8 ஓம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்துக்கு 9 வாற்றுக்கு மேல் சுத்தமாகத் தரவே இயலாதது. ஆனால் ஆசிரியரோ, 500 வாற்று இருக்கிறதென்ற நம்பிக்கையில், பெரிய முன்மண்டபத்தில், மின்விசிறியின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்கும் பொருட்டு, ஒலிக்குமிழை முற்றாகத் திருப்பி வைத்திருக்கிறார். தன்னால் இயலாத உயரத்துக்கு அலையை எழுப்ப முயலும் விரியலாக்கி, அலையின் முடியை வெட்டிவிடுகின்றது. முடி வெட்டுண்ட அலையிற் செயற்கையான உயர் அதிர்வுகள் மிகுதியாகப் பிறக்கும். அவை அனைத்தும் போய்ச் சேருமிடம் அந்தச் சிறு கூம்பு. அதன் சுருளோ மயிரிழை போன்ற கம்பி. சூடேறி அறுந்துவிட்டது. வலு மிகுந்த விரியலாக்கிதான் ஒலிபெருக்கியைக் கெடுக்கும் என்று எண்ணுகிறோம். வலுக் குறைந்த விரியலாக்கியை அதன் எல்லைக்கு மேல் ஓட்டினாலும் கேடு விளையும்.

இவ்வகைப் பொய்க் கணக்குப் புதிதன்று. இதனைக் கட்டுப்படுத்தவே 1974ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, விரியலாக்கியின் வலுவை எந்த முறையில் அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி செய்தது. 2024இல் அவ்விதி மேலும் இறுக்கப்பட்டது. கடைக்குப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரு பக்கமும் ஒருங்கே இயங்கும்போது, 8 ஓம் ஒலிபெருக்கிக்கு, 20 முதல் 20,000 ஏற்சு வரை, எத்தனை நூற்றுவீதத் திரிபுடன், தொடர்ச்சியாக எத்தனை வாற்று? இதற்கு விளக்கத்தாளில் விடை இருந்தால் அதனை நம்பலாம். 'உச்ச வலு' என்று மட்டும் இருந்தால், அந்த எண்ணை மறந்துவிட்டு மின்வழங்கியைத் திருப்பிப் பாருங்கள்.

சிறிய எண் இழிவன்று என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். 1978இல் என்.ஏ.டி. நிறுவனம் 3020 என்னும் விரியலாக்கியை வெளியிட்டது. எரிக் எட்வார்ட்சன் என்பவர் வடிவமைத்த அக்கருவியின் முகப்பு பகட்டில்லாதது; விலை மலிவு; குறிக்கப்பட்ட வலு பக்கத்துக்கு 20 வாற்று மட்டுமே. ஆயினும் இசையின் கணநேர உச்சங்களிற் குறித்ததிலும் கூடுதலாகத் தரும்படியும், எல்லையைத் தொடும்போது அலையின் முடியை முரட்டுத்தனமாக வெட்டாதபடியும் அது ஆக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் பெருந்தொகையாக விற்று, இன்றளவும் இரசிகர்கள் அதன் பெயரைச் சொல்லுகிறார்கள்.

விலை உயர உயர இனிமையும் உயருமா? அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்டீரியோ ரிவியூ' இதழ் 1987 ஜனவரியில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. விலையிற் பல மடங்கு வேறுபட்ட விரியலாக்கிகளை, ஓசையின் அளவைச் சமமாக்கி, எது ஒலிக்கிறது என்று தெரியாதவாறு கேட்பித்தபோது, கேட்டவர்களால் அவற்றை நிலையாக இனங்காண இயலவில்லை. குறைபாடில்லாத விரியலாக்கிகள் தம் எல்லைக்குள் இயங்கும் வரை, அவற்றிடையே உள்ள வேறுபாடு நாம் எண்ணுவதிலும் மிகச் சிறிது. ஒலிபெருக்கிகளிடையேயும் அறைகளிடையேயும் உள்ள வேறுபாடோ மிகப் பெரிது. ஆகவே கையில் உள்ள பணத்தை மூன்று பங்காக்கி, இரு பங்கை ஒலிபெருக்கிகளுக்கும் ஒரு பங்கை விரியலாக்கிக்கும் ஒதுக்குவது என் எண்ணத்தில் நல்ல கணக்கு.

அடுத்துக் கவனிக்க வேண்டியது தடை. ஒலிபெருக்கியின் தடை ஓம் என்னும் அலகிற் குறிக்கப்படும். 4 ஓம் பெட்டி, 8 ஓம் பெட்டியைப் போல் இருமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். '8 ஓமுக்குக் குறையாத' என்று எழுதப்பட்ட விரியலாக்கியில் 4 ஓம் பெட்டியைப் பூட்டலாகாது. 8 ஓம் பெட்டிகள் இரண்டை ஒரே முனையிற் சமாந்தரமாகப் பூட்டினாலும் 4 ஓமே ஆகும் என்பதை மறவற்க.

இசைத்தட்டு வைத்திருப்போர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் சைகை சில மில்லிவோல்ற்று அளவினது. ஒலித்தட்டுக் கருவியிலிருந்தோ ஏறக்குறைய 2 வோல்ற்று வரும். ஊசியின் சைகைக்கென்று 'போனோ' என்னும் தனி வாயில் வேண்டும். அது இல்லாத விரியலாக்கியை வாங்கினால், முன்விரியலாக்கி ஒன்றைத் தனியே வாங்க நேரும். மலிவு என்று எண்ணியது அப்போது மலிவாயிராது.

நம் நாட்டில் யப்பானிலிருந்து வந்த பழைய கருவிகள் நல்ல விலைக்குக் கிடைப்பதுண்டு. அவற்றுட் சிறந்தவை பல. ஆனால் யப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. நம்முடையது 230 வோல்ற்று. பின்புறத்துக் குறிப்பைப் பாராமல் நேரே பூட்டினால் ஒரு நொடியிற் பணம் புகையாகிவிடும். தகுந்த நிலைமாற்றி ஒன்று அவசியம். முப்பது நாற்பது ஆண்டு பழமையான கருவியில் மின்கொள்ளளவிகள் உலர்ந்திருக்கக் கூடும். அதனைத் திருத்துவதற்கான கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுக.

வெப்பம் நம் நாட்டிற்குரிய கவலை. பழைய முறையில் அமைந்த விரியலாக்கி, தான் உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கும். 'டி' வகுப்பு எனப்படும் இக்காலத்து விரியலாக்கிகள் முழு வலுவில் இயங்கும்போது பத்தில் ஒரு பங்களவையே வெப்பமாக்குவதால் சிறிதாகவும் மலிவாகவும் இருக்கின்றன. நல்ல மின்வழங்கி அமைந்தால் அவற்றைத் தயங்காமல் வாங்கலாம். எவ்வகையாயினும் மேலே நான்கு விரற்கடை வெளி விடுங்கள். அழகுக்காகப் பின்னல் விரிப்பைப் போர்த்திவிடாதீர்கள்!

வாங்குமுன் கடையிற் சோதிப்பது எளிது. நீங்கள் நெடுநாளாகப் பழகிய பாட்டொன்றைக் கொண்டு செல்லுங்கள். இரு கருவிகளை ஒப்பிடுகையில் ஓசையைச் சமமாக்கச் சொல்லுங்கள். சற்று உரத்து ஒலிப்பதே செவிக்கு இனிதாகத் தோன்றும் என்பது வணிகர் அறிந்த இரகசியம். பின்பு பாட்டை நிறுத்தி, ஒலிபெருக்கியருகே செவியை வைத்து, இரைச்சல் உண்டா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கம்பிகளைச் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பாகப் பூட்டுங்கள். ஒரு பக்கம் மாறினாலும் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்து, தவில் மெலிந்துவிடும்.

ஸ்டீரியோ முறைக்கு அடிகோலியவர் அலன் புளும்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1931இல் அவர் அதற்குக் காப்புரிமை கோரினார். இரு பெட்டிகளும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகளில் அமைந்தால், அவர் கண்ட பயன் உங்களுக்கும் கிடைக்கும். சீமெந்துத் தரையும் வெறுஞ் சுவரும் ஓசையை எதிரொலித்துக் குழப்பும். தரையில் ஒரு பாய், யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, சுவரோரம் ஒரு புத்தக அலுமாரி: எந்த விரியலாக்கியும் தராத தெளிவை இவை தரும்.

அந்த ஆசிரியரின் வீட்டிலும் நாங்கள் செய்தது இவ்வளவுதான். சிறு கூம்புகளை மாற்றினோம். பக்கத்துக்கு 30 வாற்றுத் தரும் பழைய விரியலாக்கி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்தோம். எல்லாவற்றையும் முன்மண்டபத்திலிருந்து எடுத்து, பாய் விரித்த சிறிய அறையில் வைத்தோம். செலவு, அந்த நீல விளக்குப் பெட்டியின் விலையைச் சிறிதே தாண்டியது. முதல் தட்டு ஓடத் தொடங்கியதும் அவர் கதிரையைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். தாளம் கிண்ணென்று ஒலித்தபோது எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. விரல்கள் மட்டும் தொடையில் தாளமிட்டன.

ஒருவர் தம் செவியையே ஐயுற்று இசையைத் துறக்கும்படி செய்தது ஓர் உறையில் அச்சிட்ட எண். ஆகவே, நேயர்களே, உங்கள் வீட்டில் இசை மங்கினால், முதுமையின் மேற் பழியைப் போடுமுன் மின்வழங்கியைத் திருப்பிப் பாருங்கள்; அருகில் ஒரு சிறு குழந்தை இருந்தால் அதையும் அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.