விண்கல்லில் நீரின் சுவடு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறியுள்ள யாழ்ப்பாணத்து இல்லத்தரசிகள் ஒரு வேறுபாட்டை நன்கறிவர். ஊரிலே கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகின்ற ஏடு, கொழும்புக் குழாய்நீரில் அவ்வளவாகப் படிவதில்லை. யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணக்கற் பாறையினூடே ஊறி வருவதே காரணம். நீர் ஆவியாய்ப் போனபின்னும் அவ்வேடு, அதாவது கல்சியங் காபனேற்று, எஞ்சிநின்று சான்று பகரும்.

இக்கனிப்பொருள் சில விண்கற்களிலும் உண்டு. 2017 ஆம் ஆண்டு யூன் 6 ஆம் நாள் விடியற்காலையில் ஜெய்ப்பூருக்கு அண்மையிலுள்ள முகுந்தபுரத்து வயலொன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் எடையுள்ள கருங்கல்லொன்று விழுந்து உடைந்தது. காபன் செறிந்த, மிகப் பழைய இனத்தைச் சேர்ந்தது அது. (1795 இல் நம் முல்லைத்தீவிலும் ஒரு கல் விழுந்ததுண்டு, ஆனால் அது வேறினம்.) முகுந்தபுரக் கல்லிலே களிமண் போன்ற கனிப்பொருள்களும் அவற்றிடையே காபனேற்று மணிகளும் காணப்பட்டன.

வானவெளியில் நீர் எங்ஙனம் வந்தது? இக்கற்களின் தாய்க்கோளத்தில் பாறையோடு பனிக்கட்டியும் கலந்திருந்தது. அலுமினியம் 26 என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் சிதைந்து தந்த வெப்பத்தால் அப்பனி உருகிற்று. உருகிய நீர் பாறையிலிருந்து கல்சியத்தைக் கரைத்தெடுத்துக் காபனேற்றாகப் படியவிட்டது.

அந்நீர் எவ்வளவு சூடாயிருந்தது என்பதையும் அறியலாம். காபனேற்றினுள் கனமான காபனும் கனமான ஒட்சிசனும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் அளவு, குளிர் மிகுந்தால் மிகும். 1969 இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் கல்லையும் அதன் இனத்தனவற்றையும் இவ்வாறு ஆராய்ந்தோர், ஏறத்தாழ 20 முதல் 70 பாகை சதமளவை வரையான வெப்பநிலைகளைக் கண்டனர். கொதிநீரன்று, குளிக்கும் வெந்நீர் எனலாம்! மங்கனீசு 53 குரோமியமாக மாறிய கணக்கோ, சூரிய குடும்பம் தோன்றி ஏறக்குறைய ஐம்பது இலட்சம் ஆண்டுகளுள் இப்படிவு நிகழ்ந்ததெனக் காட்டுகிறது.

இங்கே ஓர் இடர்ப்பாடுண்டு. மழையில் நனைந்த கல்லிலே புவியின் காபனேற்றும் படிந்துவிடும். அதனைப் பிரித்தறியக் காபன் 14 உதவும். எனினும் நனைந்து கரைந்து போனதை மீட்டல் இயலாது. விழுந்த கல்லைக் கழுவித் துடைத்து வைப்பவர், நன்மை செய்வதாக எண்ணியே சான்றினை அழித்துவிடுகிறார்.

அவ்விழப்பின் அளவு அண்மையிற்றான் தெளிவாயிற்று. 2023 செத்தெம்பரில் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து அமெரிக்க விண்கலமொன்று 121 கிராம் அளவான மண்ணைக் கொணர்ந்தது. புவியின் ஈரக்காற்றுப் படாது நைதரசனில் வைக்கப்பட்ட அம்மண்ணிலே, உவர்நீர் வற்றிப் படிந்த சோடியங் காபனேற்று உப்புக்கள் இருந்தமை 2025 இல் வெளியாயிற்று. விண்கற்களிலும் அவ்வுப்புக்கள் ஒருகால் இருந்திருக்கலாம். நமது ஈரக்காற்று அவற்றை எளிதிற் கரைத்துவிடும்.