தபாலில் வந்த பல்கலைக்கழகம்



ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் தொழிலாளர்கள் சிலரின் தலைமாட்டில், தபாலில் வந்த பாடப் புத்தகக் கட்டு கிடந்த காலம் உண்டு. ஐ.டி.ஐ. முடித்து சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்தவர்கள், நைட் ஷிப்ட் முடிந்த தூக்கத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு பி.ஏ., பி.காம் படித்தார்கள். அப்படிக் கட்டு அனுப்பிய இடங்களில் முக்கியமானது சிதம்பரம் அண்ணாமலை நகர். இங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலை செட்டியார், 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதையொட்டித் தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள் வந்தன. தமிழ்க் கல்லூரிக்கு 1924-இல் முதல்வராக வந்தவர் உ.வே.சாமிநாதையர். ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த அந்தப் பெரியவர் அப்போது எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகம் ஒன்று அமைக்க, செட்டியார் தம் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்தார். சட்டம் இயற்றப்பட்டு, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் வெகுகாலம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் சொல்லிக்கொடுத்தவை கல்லூரிகள். அண்ணாமலை நகரின் கணக்கே வேறு. அன்று அதற்கு இணைப்புக் கல்லூரி எதுவும் கிடையாது. வகுப்பு, விடுதி, நூலகம், ஆசிரியர் குடியிருப்பு எல்லாம் ஒரே வளாகத்தில். மாலையில் நடந்துபோகும்போதுகூடப் பேராசிரியரை மடக்கிச் சந்தேகம் கேட்கலாம்.

என் மனசுக்கு நெருக்கமானது அங்கே தமிழுக்குக் கிடைத்த இடம். 1931-இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் மட்டக்களப்புப் பகுதிக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். லண்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்ற துறவி. பழந்தமிழர் யாழ் எப்படி இருந்திருக்கும், அதன் நரம்புகள் எந்தச் சுரத்தில் நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தேடியவர். அந்த உழைப்புதான் 1947-இல் 'யாழ் நூல்' என்று வெளிவந்தது. அவருக்குப் பிறகு வக்கீல் தொழிலை விட்டுவிட்டு சோமசுந்தர பாரதியார் வந்தார். இசைக்கும் தனிக் கல்லூரி இருந்தது. தமிழிசை இயக்கத்துக்கு அந்த வளாகம் ஒரு தாய்வீடு.

மொழியியல் துறை, எழுத்தே இல்லாத மலைவாழ் மக்களின் மொழிகளையும் ஆராய்ந்தது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்கிற ஓசூர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் துறை இன்னும் அறிமுகமாகாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில், கடல்வாழ் உயிரியல் மையம் ஒன்றும் பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

1965 ஜனவரி 27-ஆம் தேதியையும் சொல்லாமல் போக முடியாது. இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்ட மாணவர்கள் மீது போலீஸ் சுட்டதில், அண்ணாமலை நகரில் படித்த ராசேந்திரன் உயிரிழந்தார்.

ஒரே வளாகம் என்று கட்டுப்பாடாக இருந்த பல்கலைக்கழகம், 1979-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. வளாகத்தை ஒருநாளும் மிதிக்காதவர்களுக்கும் அதன் பட்டம் எட்டியது. பெண்கள், போலீஸ்காரர்கள், லேத் மெஷின் முன் நின்றவர்கள் என்று யார் யாரோ பட்டதாரிகள் ஆனார்கள். அந்தப் பல்கலைக்கழகம் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பது என் கருத்து.

பின்னால் பணநெருக்கடி வந்தது. சம்பளத்துக்கே திண்டாட்டம். 2013-இல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டது. அது தேவைப்பட்ட முடிவு. ஆனால் 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அங்கே தொலைநிலைப் படிப்புகளுக்குத் தந்த அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரைதான் என்று அறிவித்தபோது, அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. தூக்கத்தைத் தொலைத்துப் படித்தவரிடம் உன் பட்டம் செல்லுமா என்று கேட்பது கொடுமை.

ஆகவே சிப்காட் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பல்கலைக்கழகமானாலும், தொலைநிலைப் படிப்புக்குப் பணம் கட்டும் முன், மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டுத் தயங்காமல் சேருங்கள்.