சைவ மட்டனும் சத்துள்ள சாப்பாடும்

(பரிசளிப்பு விழாவில் பெற்றோர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். "உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்கம்மா, நாலு பேருக்குப் பயன்படும்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதால் வந்து நிற்கிறேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் மகள் நான்காம் ஆண்டில் படித்தபோது, திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டிக்காகப் 'புலால் மறுத்தல்' அதிகாரத்தை மனனம் செய்தாள். போட்டி முடிந்தது, அதிகாரம் மட்டும் அவள் மனத்தை விட்டுப் போகவில்லை. "அம்மா, இனிமே எனக்குக் கறி மீனு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் மட்டும் சைவம் காக்கும் குடும்பம் எங்களுடையது. பாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கோ கவலை. காலையில் வேலைக்கு ஓடுகிறவளுக்குத் தனிச் சமையல் செய்ய நேரம் ஏது?

கடையில் குளிர்பெட்டி நிறைய சைவக் கோழி, சைவ மட்டன், சைவ இறால் என்று பொட்டலங்கள் இருந்தன. எனக்கு உயிர் வந்தது. இன்றைக்குச் சைவ இறால் சம்பல், நாளைக்குச் சைவ மட்டன் பிரட்டல். பருப்பையும் கீரையையும் பிள்ளை ஒதுக்கினாள். "கறிக்குப் பதில் கறிதான் சாப்பிடுதே" என்று நானும் விட்டுவிட்டேன்.

ஓராண்டு போனது. ஓட்டப் பயிற்சியில் முன்னால் ஓடிய பிள்ளை பின்தங்கினாள். "அம்மா, மூச்சு வாங்குது, காலு ஓட மாட்டேங்குது" என்றாள். கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். இரும்புச் சத்துக் குறைவு, இரத்தச் சோகை என்றார்கள். "பிள்ளை என்ன சாப்பிடுது?" என்று டாக்டர் கேட்டார். பெருமையாகப் பட்டியல் சொன்னேன். "அதெல்லாம் எதில் செய்தது என்று பொட்டலத்தைப் படித்தீர்களா?" என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

அன்றிரவு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். நான் வாங்கிய சைவ இறால், கொன்யாக் என்னும் கிழங்கு மாவில் செய்தது. அதில் பெரும்பகுதி தண்ணீர். புரதம் இல்லையென்றே சொல்லலாம். சைவ மட்டன், காளான் தண்டில் செய்தது. மெல்லுவதற்கு மட்டன்தான், புரதமோ சொற்பம். சைவக் கோழி மட்டும் சோயாவும் கோதுமைப் புரதமும் கலந்தது. அதில் புரதம் உண்டு, உப்பும் நிறைய உண்டு.

பெற்றோர்களே, இவற்றைப் பழிக்க நான் வரவில்லை. சீன நாட்டுப் பௌத்த மடங்களில் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த சமையற்கலை இது. கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக் கழுவி மாவுச்சத்தை நீக்கினால், ரப்பர் போல மிஞ்சுவதுதான் கோதுமைப் புரதம். எண்ணெய் எடுத்த சோயா மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிழிந்து சோயா உருண்டை செய்யும் முறை, 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வந்தது. உலர்ந்த உருண்டையின் எடையில் ஏறத்தாழ பாதி புரதம்! ஜாவா மக்கள் நமக்குத் தந்த தெம்பேயிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தெம்பேயைத் தாண்டிப் போய், விலை கூடிய சைவ இறாலை வாங்கியவள் நான். குற்றம் பொட்டலத்தின் மேல் இல்லை. உருவத்தைப் பார்த்து, உள்ளே இருப்பதைப் பாராத என் மேல்தான்.

ஆகவே மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பொட்டலத்தைப் படியுங்கள். எதில் செய்தது, புரதம் எத்தனை கிராம், உப்பு எவ்வளவு என்று பாருங்கள். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிலவற்றில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்திருக்கும். விரதம் இருப்போர் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, பருப்பு, கொண்டைக்கடலை, தெம்பே, கீரை இவையே அன்றாட உணவாக இருக்கட்டும். இவற்றிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர, கொய்யாப்பழமோ எலுமிச்சைச் சாறோ துணை செய்யும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது தடை செய்யும்.

மூன்றாவது, பி12 என்னும் வைட்டமின் செடிகொடி உணவில் கிடைக்காது. பால், தயிர் கொடுங்கள். அவற்றையும் விலக்குவோர் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது சைவ மட்டன் வாரத்தில் ஒருநாள், ஆசைக்கு. மற்ற நாளில் தெம்பே சம்பலும் முருங்கைக்கீரைப் பருப்பும்தான். டாக்டர் தந்த இரும்புச் சத்து மாத்திரையும் சேர்ந்து, சில மாதங்களில் பிள்ளையின் இரத்தம் ஏறியது. இன்று 100 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாம் பரிசு வாங்க அவள் உங்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். சைவத்தை அவள் விடவில்லை. நாங்களும் விடச் சொல்லவில்லை.

புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் பாடிய வள்ளுவப் பெருந்தகை, 'மருந்து' என்று இன்னோர் அதிகாரமும் பாடி, உண்ணும் முறையைச் சொல்லியிருக்கிறார். பிள்ளை முதல் அதிகாரத்தைப் படித்தாள். தாயாகிய நான் இரண்டாவதைப் படிக்கத் தாமதித்துவிட்டேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.