விசாரணைக்கு வருகிறவரிடம் வாய் திறந்து பேசுங்கள்

(அட்டனில் நடந்த மாதர் பிரிவுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



வயிற்றிலேயே பிள்ளை இறந்துவிட்டால், அல்லது பிறந்து ஒரு வயது ஆகுமுன் இறந்துவிட்டால், மிட்வைப் மிஸ் லயத்துக்கு வருவார். சுகாதார வைத்திய அதிகாரியும் வரலாம். கையில் படிவம் இருக்கும். உடனே லயம் முழுக்க ஒரே பேச்சு: "விசாரணைக்கு வந்திருக்காங்க." மாமியார் கதவருகில் நிற்பார். தாய் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்லீங்க." இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். படிவத்தோடு போனவள் நான்தானே.

விசாரணை என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. வீட்டில் காரணம் தெரியாமல் திடீர் மரணம் நடந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், பொலிஸும் வரும். அது சட்டத்தின் வேலை. சுகாதாரப் பகுதியினர் வருவது வேறு காரியத்துக்கு: எந்த இடத்தில் தவறியது, அடுத்த பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்று பார்க்க. பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அங்கேயும் டாக்டர்மார் கூடி, குறிப்புகளைப் பார்த்துப் பேசுவார்கள். வீட்டில் எழுதியதும் ஆஸ்பத்திரியில் எழுதியதும் சேர்ந்து நுவரெலியாவுக்கும், அங்கிருந்து கொழும்பில் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும் போகும்.

கேள்விகள் நிறைய இருக்கும். என்ன சாப்பிட்டாய், எத்தனை மாதம் வரை மலைக்குப் போனாய், வலி எப்போது வந்தது, வாகனம் எப்போது கிடைத்தது, ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தாய். 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில், தோட்டப்புறத்தில் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. அதனால்தான் சோற்றையும் வேலையையும் பற்றிக் கேட்கிறார்கள். வாகனத்தைப் பற்றிக் கேட்பது ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் தோட்டப் பாதைகளை நீங்கள் அறிவீர்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றில் இறந்த வீடு. "இருட்டில பீலிக்குப் போய் பயந்துட்டா" என்றார் மாமியார். நானும் அதையே எழுதிவிட்டு வந்திருக்கலாம். பிறகு, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி அந்தப் பிள்ளையைத் தனியாகப் பீலிப் பக்கம் கூட்டிப் போனேன். அங்கேதான் சொன்னாள். இரண்டு நாளாகப் பிள்ளை துடிக்கவில்லை. பேர் குறைந்துவிடும் என்று அந்த இரண்டு நாளும் மலைக்குப் போயிருக்கிறாள். துடிப்புக் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "நான்தான் கொன்னுட்டேனா மிஸ்?" என்று கேட்டாள்.

அதைக் கிளினிக்கில் சொல்லியிருக்க வேண்டியவள் நான். படிவத்தில் அப்படியே எழுதினேன். மாதாந்தக் கூட்டத்தில் வாசிக்கும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த கிளினிக்கிலிருந்து, துடிப்பை எப்படி எண்ணுவது என்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வயிற்றில் கை வைத்துக் காட்டினோம். மாமியார் சொன்னதோடு நான் திரும்பியிருந்தால் அது நடந்திருக்காது.

இனி உங்களிடம் கேட்பது. துக்கத்தில் பிள்ளைத் துணியோடு சேர்த்துக் கர்ப்பிணி அட்டையையும் எரித்துவிடுகிறார்கள். வேண்டாம், எடுத்து வையுங்கள். தாயைத் தனியாகப் பேச விடுங்கள். வருகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தாய் நம்புகிற ஒரு பெண் மொழிபெயர்க்கட்டும். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ வேண்டாம். வேலையைப் பற்றிய கேள்விக்கு அவர்கள் முன்னால் எவள் பதில் சொல்வாள்?

தலைவர்மாருக்கு ஒன்று. மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் பிள்ளை உயிரோடு பிறந்தால் 12 வாரம். உயிரில்லாமல் பிறந்தாலும் 6 வாரம் உண்டு. "பிள்ளைதான் இல்லையே" என்று சொல்லி, பத்தாம் நாளே பிரட்டுக்கு வந்து நிற்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருத்தி உங்கள் தோட்டத்தில் நின்றால், கூடையை வாங்கி வைத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். ஆபீசில் பேச வேண்டியது உங்கள் வேலை.